நாற்காலியில் இருந்தபோது என்ன சொன்னார்?

கோவில்பதாகையில் சாயந்திரம் டீக்கடைப் பக்கம் நின்று பாருங்கள். வேலை விட்டு வருகிறவர்கள் ஒரு கையில் டீ, மறு கையில் செல்போன். செல்போனில் யாராவது ஒரு 'முன்னாள்' அரசியல் பேசிக்கொண்டிருப்பார். முன்னாள் மந்திரி, முன்னாள் எம்.எல்.ஏ. "என்னமா புட்டுப் புட்டு வைக்கிறார் பாருங்க!" என்று மெச்சுகிறோம்.

மெச்சுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், பதவியில் இருந்தபோது இந்த வாய் எங்கே போயிருந்தது?

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் பழ. கருப்பையா. 'அங்காடித் தெரு' (2010) படத்தில் ஜவுளிக்கடை முதலாளியாக வந்தாரே, அவரேதான். 2011-ல் அ.தி.மு.க. டிக்கெட்டில் சென்னை துறைமுகம் தொகுதியில் ஜெயித்தார். 1989-லும் 1991-லும் கருணாநிதி ஜெயித்த தொகுதி அது. 2016 ஜனவரியில், 'துக்ளக்' ஆண்டு விழா மேடையில் தன் கட்சி ஆட்சியின் ஊழலைப் பற்றியே பேசினார். கட்சி வெளியேற்றியது. எம்.எல்.ஏ. பதவியையும் ராஜினாமா செய்தார்.

தேர்தலுக்கு நாலு மாதம்தானே என்பார்கள் சிலர். இருக்கட்டும். அந்த நாலு மாதத்தைக்கூட விட மனசு வராதவர்கள்தானே அதிகம்?

குறையும் உண்டு. அப்புறம் தி.மு.க.வுக்குப் போனார், 2019-ல் விலகினார். 2021-ல் மக்கள் நீதி மய்யம் சார்பில் தியாகராய நகரில் நின்றார், ஜெயிக்கவில்லை. கட்சிக்குக் கட்சி போகிறவர் பேச்சை எடை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் கோளாறு அவரிடம் மட்டுமா? ஊழலைச் சொல்ல சட்டசபை இருக்க, பத்திரிகை விழா மேடை எதற்கு? 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியைப் பறிக்கும். சட்டம் கடிவாளம் போட்டது ஓட்டுக்கு. வாய்க்குப் பூட்டுப் போட்டது கட்சி. எந்தக் கட்சியும் இதில் யோக்கியம் இல்லை.

நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான் சார். தெருவில் தண்ணீர் தேங்கினால் சபையில் எழுந்து கேட்க வேண்டியவர் எம்.எல்.ஏ. பதவி போன பிறகு டி.வி.யில் உட்கார்ந்து, "அப்போதே எனக்குத் தெரியும்" என்றால் தண்ணீர் வடியுமா?

அடுத்த தடவை 'முன்னாள்' பேச ஆரம்பித்ததும், டீ ஆறுவதற்குள் கணக்குப் பாருங்கள்: இதை இவர் நாற்காலியில் இருந்தபோது சொன்னாரா? சொன்னவர் என்றால் முழுசாகக் கேளுங்கள். இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் வேலை இருக்கிறது.