‘பீர்தானே’ என்பவர்கள் கவனத்துக்கு!

சனிக்கிழமை சாயந்திரம் தாம்பரம் போகிற மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது பழகிப்போன பேச்சு.

"இன்னிக்கு என்னப்பா?"

"பீர்தான் அண்ணே. ஹாட்டை விட்டு ஆறு மாசம் ஆச்சு."

சொல்கிறவர் முகத்தில் ஒரு பெருமை. ஏதோ சபரிமலைக்கு மாலை போட்டவர் மாதிரி! வீட்டுக்குப் போனால் சம்சாரத்திடமும் இதே வசனம்தான். "வெறும் பீர்தானே, இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறே?"

அந்த அம்மாளும் பாவம், சமாதானம் ஆகிவிடுகிறார். பீர் என்றால் நீர்மோருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஊரில் பலருக்கு நினைப்பு.

பாருக்குப் போனால் தரையெல்லாம் ஈரம். காது கிழிகிற சத்தம். பக்கத்து மேஜைக்காரன் எப்போது சட்டையைப் பிடிப்பான் என்று தெரியாது. இந்த ரோதனையே வேண்டாம் என்று பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்து, மொட்டை மாடியில் இரண்டு சிநேகிதர்களோடு பாய் போட்டு உட்காருகிற குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் சென்னையில் ஏராளம். அதில் ஒரு ரசனையும் இருக்கத்தான் செய்கிறது. ‘இந்தப் பீர் லேசா கசக்குது’, ‘அந்தப் பிராந்தி தொண்டையில நிக்காம இறங்குது’, ‘இந்த ரம்மைத் தொட்டா காலையில தலைவலி நிச்சயம்’ என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார்கள். கிரிக்கெட் வர்ணனை தோற்றது!

ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் முதலில் ஒப்பிட வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் தொடுவதே இல்லை. லேபிள் மூலையில் எறும்பு சைஸில் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்பதுதான் அது.

காபிப்பொடி வாங்கும்போது ‘சிக்கரி எவ்வளவு போட்டிருக்கே?’ என்று கேட்டு, எண்பதுக்கு இருபதா, எழுபதுக்கு முப்பதா என்று தெரிந்துகொண்டுதான் காசை நீட்டுகிற ஊர் இது. அதே மனுஷன், காசு கொடுத்து வாங்குகிற பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வேடிக்கையா, வேதனையா?

கணக்கு என்ன சொல்லுது?

பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. ‘ஸ்ட்ராங்’ என்று போட்டு விற்கிறதில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம் என்பது இந்தியச் சட்டம். மேல் வரம்பை வைத்துப் போட்டுப் பார்த்தால், ஒரு பாட்டிலில் இருக்கிற சுத்த ஆல்கஹால் 52 மில்லி.

குவாட்டர் 180 மில்லி. பிராந்தியோ, விஸ்கியோ, ரம்மோ, லேபிளில் 42.8 சதவீதம் என்றுதான் போட்டிருக்கும். அதில் ஆல்கஹால் 77 மில்லி.

ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் என்பது முக்கால் குவாட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். இரண்டு பாட்டிலாகிவிட்டால் 104 மில்லி! ‘ஹாட்டை விட்டுட்டேன்’ என்ற ஆசாமி, எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு குவாட்டரோடு எழுந்துபோன சிநேகிதனைத் தாண்டிவிட்டார். விட்டது எதை, பிடித்தது எதை?

ஸ்ட்ராங் இல்லாத சாதா பீர் என்றால் சங்கதி வேறே. அதில் 5 சதவீதம்தான் உச்சம். ஒரு பாட்டிலுக்கு 32 மில்லி சொச்சம். இரண்டு குடித்தாலும் குவாட்டரை எட்டாது. ஆனால் அதைக் கேட்டு வாங்குகிறவரை ‘ஏன் அண்ணே, தண்ணி குடிக்கறதுக்கா இங்க வந்தீங்க?’ என்று வரிசையில் நிற்கிறவர்களே கேலி செய்கிறார்கள்.

ஒயின் 12, 13 சதவீதம். அரை டம்ளர், அதாவது 150 மில்லி குடித்தால் ஒன்றரை சின்ன பெக் கணக்கு. ‘ஒயின் ரத்தத்துக்கு நல்லது, லேடீஸ்கூட குடிக்கலாம்’ என்று முழு பாட்டிலைச் சாய்க்கிற பேர்வழிகள், ஒரு குவாட்டரும் அதற்கு மேல் கால் குவாட்டரும் உள்ளே தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். ரத்தத்துக்கு நல்லது என்கிற பேச்சுக்கும் மார்க்கெட் போய்விட்டது. ‘இந்த அளவு வரை ஆபத்தில்லை’ என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

இன்னொரு குழப்பம், லேபிளில் சில சமயம் காணப்படுகிற ‘75’. ‘எழுபத்தஞ்சு பர்சென்ட் சரக்குடா’ என்று மீசையை முறுக்குகிறவர் உண்டு. அது சதவீதம் இல்லை சார், டிகிரி! பழைய பிரிட்டிஷ் அளவு. அந்தக் கணக்கில் 57.1 சதவீதம்தான் நூறு டிகிரி. 75 டிகிரி என்றால் அதே 42.8 சதவீதம்தான். வெள்ளைக்காரன் போயும் அவன் கணக்கு பாட்டிலை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. ஈரலுக்கு ஒரு வேகம் உண்டு. மணிக்குச் சுமார் 8 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அது கரைக்கும். இரண்டு ஸ்ட்ராங் பீர், முடிவில் ‘சும்மா ஒரு கட்டிங்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 112 கிராம் ஆகிறது. அது முழுசாக இறங்க 11 மணி நேரத்திலிருந்து 14 மணி நேரம் வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்த ஆசாமிக்குக் கணக்கு முடிய மறுநாள் காலை ஏழிலிருந்து பத்து மணி ஆகிவிடும்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, பையனைப் பின்னால் உட்கார வைத்து, கறிக்கடைக்கு வண்டியை உதைக்கிறாரே, அவர் இன்னும் நேற்றைய கணக்கில்தான் ஓட்டுகிறார்! ‘தூங்கி எழுந்தாச்சு, குளிச்சாச்சு, காபி குடிச்சாச்சு’ என்பார். குளியலுக்கும் ஈரலுக்கும் சம்பந்தம் இல்லை. காபி தூக்கத்தைத்தான் கலைக்கும், போதையைக் கரைக்காது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 2019-ல் திருத்திய பிறகு இதுதான் நிலைமை. அபராதம் போனால் போகட்டும், பின்னால் உட்கார்ந்திருக்கிற பையன்?

பீரும் ஹாட்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்து நிறுத்துகிறவன் வேறே, பேரைக் கேட்டு ஏமாறுகிறவன் வேறே.

ருசி விஷயத்திலும் பேர்தான் ஆட்சி. 1976 மே மாதம் பாரிஸில் நடந்த ஒரு கூத்து உலகப் பிரசித்தம். ஸ்டீவன் ஸ்பரியர் என்கிற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேரைக் கூட்டி உட்கார வைத்து, பேரை மறைத்து ஒயின் ஊற்றிக் கொடுத்தார். பிரான்ஸ் சரக்கும் கலிபோர்னியா சரக்கும் கலந்திருந்தன. மார்க்கைக் கூட்டிப் பார்த்தால் வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கு! ஒயினிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி.

நம்ம மொட்டை மாடி நிபுணர்களும் செய்து பார்க்கலாம். மூணு எவர்சில்வர் டம்ளர், அடியில் துண்டுச் சீட்டு ஒட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். ஊற்றுகிறவர் வேறே, குடிக்கிறவர் வேறே. ‘கண்ணைக் கட்டினாலும் சொல்லுவேன்’ என்றவர் அப்போது சொல்லட்டும். பிராந்தி எது, விஸ்கி எது என்பதிலேயே பலர் அம்பேல்!

அதற்குக் காரணமும் இருக்கிறது. மலிவு விலை பிராந்தி, விஸ்கி பலவற்றுக்கும் ஆதாரம் ஒன்றுதான். கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற மொலாசஸ் பாகில் வடித்த ஸ்பிரிட். அதில் வாசனையும் கருக்கின சர்க்கரை நிறமும் சேர்ந்தால் ஒன்று விஸ்கி ஆகிறது, இன்னொன்று பிராந்தி ஆகிறது. ஐரோப்பாவில் விஸ்கி என்று எழுத வேண்டுமானால் தானியத்தில் வடித்து, மூணு வருஷமாவது மரப்பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். பிராந்தி என்றால் திராட்சை ஒயினிலிருந்து வடித்திருக்க வேண்டும். ரம் மட்டும்தான் எங்கேயும் கரும்புச் சரக்கு. மூணு பேரில் பொய் சொல்லாத பிள்ளை அதுதான்! பிராந்திக்கு ‘சளிக்கு மருந்து’ என்று ஒரு பட்டம் வேறே. குடித்ததும் உடம்பு கதகதப்பாவது தோலுக்கு ரத்தம் பாய்வதால். உள்ளே இருக்கிற சூடு வெளியேறுகிறது என்பதுதான் நிஜம்.

அப்புறம் ‘கூலிங்’. பல்லு கூசுகிற அளவுக்கு ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப்போகும். நல்ல பீரும் ஒன்றுதான், மட்டமான பீரும் ஒன்றுதான். பழுப்பு பாட்டில் போடுவது அழகுக்கு இல்லை, வெளிச்சம் பட்டால் பீர் நாறிப்போகும் என்பதற்காக. வெயிலில் அடுக்கிக் காய்ந்த பெட்டியைப் பிறகு எத்தனை மணி நேரம் ஐஸில் வைத்தாலும் போன வாசனை திரும்பாது. ஒயினுக்கு நேர்மாறு. ‘சிவப்பு ஒயினை ரூம் சூட்டில் குடிக்கணும்’ என்பது சீமை வழக்கம். அங்கே ரூம் சூடு 18 டிகிரி. மயிலாப்பூரில் மே மாசம் ரூம் சூடு என்ன? அரை மணி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுப்பதுதான் நம்ம ஊருக்குச் சரி. திறந்த பாட்டிலை மூடி மூணு நாலு நாளைக்கு மேல் வைத்தால் புளித்துக் காடியாகும், ரசத்துக்குக்கூட உதவாது.

ஒயின்ஷாப்பில் ஒயின் எங்கே?

பேர் மயக்கத்துக்குக் குடிக்கிறவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கடையின் பேரே மயக்கம்தான். 1937-ல் சேலத்தில் ஆரம்பித்து, 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். தனியார் நடத்திய கடைகளுக்கு ‘ஒயின்ஸ்’ என்று போர்டு. 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டு, போர்டும் மாறிப்போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், ஜனங்கள் வாயில் இன்னும் அது ஒயின்ஷாப்தான். உள்ளே ஒயினுக்கு எத்தனை இடம்? தேடித்தான் பார்க்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது கூடையில் வந்து கோயம்பேட்டில் கிலோ கணக்கில் போகிற பழம்.

கடையில் கம்பிக்கு இந்தப் பக்கம் கூட்டம். உள்ளே கையை நீட்டிக் காசைக் கொடுத்தால் பாட்டில் வெளியே வரும். திருப்பிப் பார்த்து லேபிள் படிப்பதற்குள் பின்னால் இருந்து நாலு குரல், ‘வாங்கிட்டு நகருப்பா!’ கத்தரிக்காயைக்கூட நாலு தடவை புரட்டிப் பார்த்து வாங்க முடிகிறது. இதை முடியவில்லை. எலைட் கடைக்குப் போனால் அலமாரியிலிருந்து கையில் எடுத்து, சதவீதம் படித்து, வேண்டாம் என்றால் திருப்பி வைக்கலாம். அந்த வசதி பாக்கெட் கனமானவனுக்கு மட்டும்தானா? வரி இரண்டு பேரும்தானே கட்டுகிறார்கள்?

‘குடிக்கிறவனுக்கு வசதி செய்து கொடுக்கச் சொல்றீங்களா?’ என்று கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். விற்பதைத்தான் அரசாங்கமே விற்கிறது. விற்கிற பொருளில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் சொல்வது வசதி இல்லை, கடமை. ஸ்ட்ராங் கேட்டு வந்தவன் பாதிப் பேர் நம்பரைப் பார்த்துச் சாதாவுக்கு இறங்கினாலே ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக்கு நல்லது.

பெரிய திட்டம், கமிட்டி எதுவும் தேவையில்லை. ரேஷன் கடை வாசலில் கரும்பலகை பார்த்திருப்பீர்கள். அரிசி, சர்க்கரை, பாமாயில் என்று சரக்கும் இருப்பும் எழுதியிருக்கும். அதே மாதிரி ஒரு பலகை இங்கேயும் மாட்டலாம். பேர், விலை, பக்கத்தில் சதவீதம் என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் ‘ஒரு பாட்டிலில் ஆல்கஹால் இத்தனை மில்லி’ என்று இன்னொரு கட்டம். ஸ்ட்ராங் பீருக்கு நேரே 52, குவாட்டருக்கு நேரே 77. ஆகிற செலவு ஒரு டப்பா சாக்பீஸ்.