தெரிவு யாருக்கு?

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஓர் உபதேசப் படலம் தொடங்கிவிடுகிறது. அயலவர், உறவினர், ஓய்வுபெற்ற அதிபர், ரியூட்டரி முதலாளி ஆகிய எல்லோரும் பதினாறு வயதுப் பிள்ளையைச் சூழ்ந்துகொள்வர். ‘விரும்பிய பாடத்தைத் தெரிவுசெய், ஊன்றிப் படி, பல்கலைக்கழகம் உனக்காகக் காத்திருக்கிறது’ என்பர். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் இவ்விருப்பம் யாருக்கு வாய்க்கிறது என்பதை நாம் சற்று நிதானித்து நோக்க வேண்டும்.

இந்நாட்டில் பத்தாயிரம் வரையிலான அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை உடைய 1 ஏபி பாடசாலைகள் ஏறத்தாழப் பத்திலொன்றே. 1 சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை. வகை 2 பாடசாலையிலோ உயர்தரமே கிடையாது. தோட்டத்து லயத்திலிருந்தோ வன்னியின் குடியேற்றக் கிராமத்திலிருந்தோ வரும் பிள்ளை எதை விரும்ப வேண்டும் என்பதை, அப்பிள்ளை பிறக்குமுன்பே அங்குள்ள பாடசாலையின் வகை தீர்மானித்துவிட்டது. பஸ் கட்டணமும் விடுதிச் செலவும் கொடுக்கவல்ல தகப்பனே அத்தீர்ப்பை மாற்ற முடியும்.

1940களில் கன்னங்கரா இலவசக் கல்வியோடு நின்றுவிடவில்லை. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளையும் நிறுவினார். கட்டணம் இல்லையென்றால் மட்டும் போதாது, பாடசாலையும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நாமோ அதன் முற்பாதியை மேடையில் புகழ்ந்துவிட்டுப் பிற்பாதியை மறந்துபோனோம்.

நாம் அறிந்த மாணவி ஒருத்தி விஞ்ஞானத்தில் ‘ஏ’ பெற்றவள்; வைத்தியராக வேண்டுமென்பது அவள் ஆசை. அவள் சேர்ந்த பாடசாலையில் உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் இருந்தனர். பௌதிகவியலுக்கு, இடமாற்றம் பெற்றுச் சென்றவரின் கதிரை மட்டுமே இருந்தது. ‘பௌதிகத்துக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடு, அதுவும் உயிரியற் பிரிவுதானே’ என்றனர் பெரியோர். பிரிவு அதுதான், ஐயமில்லை. ஆனால் மருத்துவ பீடம் புகுவதற்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் இது அச்சிட்டே கிடக்கிறது. அந்நூலை அவள் முதன்முதல் விரித்தது உயர்தரப் பெறுபேறு வந்த பின்னரே. மூன்று பாடங்களிலும் திறமைச் சித்தி. வாயிலோ இரண்டாண்டுகளுக்கு முன்பே அடைபட்டுவிட்டது. அவளுக்கு ஆலோசனை கூறிய பெரியோரின் வரிசையில் நாமும் நின்றோம். இதை மறைத்து எழுதுவதற்கில்லை.

‘இசட் புள்ளி எல்லாவற்றையும் சமன்செய்துவிடும்’ என்பார் உளர். 2001இல் வந்த இம்முறை, ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்கிறது. பாடத்துக்குப் பாடம் உள்ள கடினத்தை அது ஓரளவு ஈடுசெய்யும். ஆய்வுகூடம் உள்ள பாடசாலைக்கும் அஃதில்லாத பாடசாலைக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த வகுத்தல் ஈடுசெய்யும்?

மாவட்ட ஒதுக்கீடு உண்டே என்பர். உண்டு, பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியது. 1971இல் மொழிவழித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியை நாம் மறந்தோமில்லை. எனினும் அக்காயத்தைக் காட்டியே நகரத்துக் கல்லூரிகளின் சலுகையைக் காத்துக்கொள்ளும் நம்மவரை எவ்வாறு பொறுப்பது? மாவட்டம் என்பது ஒரே பாடசாலை அன்று. நுவரெலியா மாவட்டத்துக்குரிய இடத்தைக் கொழுந்து பறிப்பவளின் மகள் பெற்றாளா, நகரத்து வியாபாரியின் மகன் பெற்றானா என்று அந்த வீதக் கணக்குக் கேட்பதில்லை.

நமது தொழிலின் யோக்கியதை என்ன? காலையில் வகுப்பறையில் பாதி அலகைத் தொட்டுவிட்டு மீதியை மாலையில் ரியூட்டரியில் விற்கும் சக ஆசிரியர் நம்மிடையே இல்லையா? ‘நீ கணிதம் எடுத்தால் எங்கள் சித்தி வீதம் குறையும்’ என்று பிள்ளையைக் கலைப் பிரிவுக்குத் தள்ளும் அதிபர் இல்லையா? தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் இரட்டை அவமானம். தமிழும் வரலாறும் தோற்றவர்க்கு ஒதுக்கிய பாடங்களாம்!

ஆசிரிய நண்பர்களே, அனுமதிக் கைந்நூலைப் பத்தாம் தரப் பெற்றோர் கூட்டத்திலேயே விரித்து வாசியுங்கள். பௌதிக ஆசிரியர் இல்லையெனில் இல்லையென்றே சொல்லுங்கள். ‘அதுவும் இதுவும் ஒன்றுதான்’ எனப் பூசி மெழுகாதீர்கள். வலயக் கல்விப் பணிமனைக்குப் பெற்றோர் செல்லும்போது அவர்களோடு நாமும் செல்வோம். இடமாற்றப் பயம் நமக்கு மட்டும் உரியதன்று. அதன் விலையைப் பிள்ளைகளே இதுகாறும் கொடுத்து வந்துள்ளனர்.

அம்மாணவி பௌதிகத்துடன் மீண்டும் தோற்ற ஆயத்தமாகிறாள். அயற்கிராமத்து ஆசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கும் தை மாதத்தில் இடமாற்றம் வருமென்று கேள்வி.