வாடகை வீடு: பழைய கணக்கு செல்லாது

தில்லியில் குடியேறிய தமிழர்கள் மத்தியில் ஒரு பழைய கணக்கு உண்டு. கடன் வாங்கி இரண்டாவதாக ஒரு ஃப்ளாட் வாங்க வேண்டியது. தவணையில் பாதியை வாடகை பார்த்துக்கொள்ளும். இன்னொரு பங்கை வருமான வரிச் சலுகை ஈடுகட்டும். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது வீடு மிச்சம். மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் ஃப்ளாட் தேடும் சம்பளக்காரர்கள் இன்றும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆனால் வரிச்சட்டம் மாறிவிட்டது.

ஓர் உதாரணம். வீட்டின் விலை 60 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் கடன். வட்டி 9 சதவீதம். 20 ஆண்டுத் தவணை. மாதம் சுமார் 36,000 ரூபாய் கட்ட வேண்டும். வாடகை 15,000 என்றால், மீதி 21,000 சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

இனி வரி. ஆண்டு வாடகை 1.80 லட்சம். நகராட்சிக்குக் கட்டிய சொத்து வரியை இதில் கழிக்கலாம். ஆனால் சொந்தக்காரர் அந்த ஆண்டிலேயே கட்டியிருக்க வேண்டும். அந்தத் தொகையை இங்கே விட்டுவிடுவோம். அடுத்து, பராமரிப்புக்காக 30 சதவீதம், அதாவது 54,000 ரூபாய் கழியும். உண்மையில் ஒரு பைசா செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும் இந்தக் கழிவு மாறாது. மீதி 1.26 லட்சம். முதல் ஆண்டு வட்டியோ சுமார் 3.60 லட்சம். ஆக, காகிதத்தில் 2.34 லட்சம் நஷ்டம்.

இந்த நஷ்டம்தான் முன்பு லாபமாக இருந்தது. 2016-17 நிதியாண்டு வரை முழுத் தொகையையும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டுபவருக்குச் சுமார் 70,000 ரூபாய் மிச்சமானது. 2017 பட்ஜெட் இதற்கு 2 லட்சம் என்று வரம்பு கட்டியது. மீதியை அடுத்த 8 ஆண்டுகளுக்கு வீட்டு வருமானத்தில் மட்டும் ஈடுகட்டலாம். 2020-ல் வந்த புதிய வரி முறையில் இதுவும் இல்லை. வாடகை அளவுக்கு வட்டியைக் கழிக்கலாம். அதற்கு மேலான நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 2023-24 முதல், வேறு முறை வேண்டும் என்று சொல்லாதவர்கள் எல்லாரும் தாமாகவே புதிய முறைக்குள் வந்துவிடுகிறார்கள்.

கடன் தீர்ந்தவர் நிலை வேறு. அவருக்கு 1.26 லட்சத்துக்குத்தான் வரி. 30 சதவீதம் கட்டினாலும் செஸ் நீங்கலாகச் சுமார் 38,000 ரூபாய், கையில் 1.42 லட்சம் நிற்கும். 60 லட்சம் சொத்துக்கு இது இரண்டரை சதவீதம்கூட இல்லை. விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் மீதியை ஈடுகட்ட வேண்டும்.

வரி கிடக்கட்டும், கொடுத்த வீடு திரும்பக் கிடைக்குமா? தில்லியில் இதைத் தீர்மானிப்பது 3,500 ரூபாய். 1958-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 1988-ல் செய்த திருத்தத்தின்படி, மாத வாடகை இந்தத் தொகையைத் தாண்டினால் அந்தச் சட்டம் பொருந்தாது. பொதுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குக் கீழே இருந்தால் காலி செய்ய வைப்பது கடினம். வாடகையை 3 ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் மட்டுமே உயர்த்தலாம். 1988-ல் 300 ரூபாயாக இருந்த வாடகை, ஒரு தடவைகூட விடாமல் உயர்த்தியிருந்தாலும் 2024-ல் ஆயிரத்தை எட்டியிருக்காது. கரோல் பாகில் அப்பா விட்டுப்போன பழைய வீட்டைப் பழைய வாடகைக்காரரோடு பெற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். இதை மாற்ற நாடாளுமன்றம் 1995-ல் புதிய சட்டம் இயற்றியது. ஜனாதிபதியும் ஒப்புதல் தந்தார். கடை வாடகைக்காரர்களான வியாபாரிகள் கொதித்து எழுந்தார்கள். சட்டம் அமலுக்கு வரவே இல்லை.

வாங்குவதற்கு முன் பத்திரத்தைப் பார்ப்பது முக்கியம். தில்லியில் வெறும் பவர் பத்திரத்தில் கைமாறிய வீடுகள் ஏராளம். அது கிரயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது சிரமம்.

வாடகைக்கு விடும்போது 11 மாத ஒப்பந்தம் வழக்கம். ஓராண்டைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்பதே காரணம். தமிழ்நாட்டில் வீடு வைத்திருப்பவர்கள் இந்த வழக்கத்தை நம்ப முடியாது. 2019 பிப்ரவரியில் அமலான புதிய சட்டப்படி, அங்கே 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டினால் வாடகைக்காரர் 2 சதவீத வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். வீடு வெளிநாட்டில் வசிக்கும் மகன் பெயரில் இருந்தால் இந்த வரம்பே கிடையாது. சிறு வாடகையிலும் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். பல வாடகைக்காரர்களுக்கு இது தெரியாது. பிறகு நோட்டீஸ் வருவது அவர்களுக்குத்தான்.

ஏற்கெனவே கடனில் வாங்கியவர்களுக்கு ஒரு வழி உண்டு. வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஆண்டுதோறும் பழைய முறை, புதிய முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கணக்குத் தாக்கல் செய்யுமுன் இரண்டிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. இனிமேல் வாங்க நினைப்பவர்கள், வரிச் சலுகை ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்துக்கொண்டு, மாதம் 21,000 ரூபாயை எத்தனை ஆண்டு தாங்க முடியும் என்று முதலில் பார்க்க வேண்டும்.