இடிக்கும் முன் சோதிப்போம்

புதுச்சேரி கூபேர் அங்காடியை நாம் ‘பெரிய மார்க்கெட்’ என்கிறோம். பொலிவுறு நகரத் திட்டத்தில் இதை இடித்துப் புதிதாகக் கட்ட யோசனை எழுந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். கடை போனால் பிழைப்பு என்னாவது என்பது அவர்கள் கவலை. நெரிசலும் அசுத்தமும் தீர வேண்டாமா என்பது மறுதரப்பு. இரண்டும் நியாயமே.

ஆனால், பழையது என்பதற்காக மட்டும் ஒரு கட்டடத்தை இடிக்கலாமா? பழைய புதுச்சேரிக் கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. இக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். சுவரில் புகுந்த ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். விரிசலில் அரசங்கன்று வேர்விட்டால் கேடு இன்னும் பெருகும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கடற்கரைச் சாலையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் பழுதடைந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பல கோடி ரூபாய் செலவில் அதே உருவில் மீண்டும் கட்டி, 2021இல் திறந்தார்கள்.

ஆகவே நண்பர்களே, முதலில் மார்க்கெட்டின் ஒவ்வொரு சுவரையும் கூரையையும் பொறியாளர்கள் சோதிக்கட்டும். முடிவைத் தமிழில் எழுதி மார்க்கெட் வாசலிலேயே ஒட்டட்டும். செப்பனிட முடிந்ததைச் செப்பனிடலாம். முடியாததை மட்டும், வியாபாரம் நிற்காதபடி, பகுதி பகுதியாக இடித்துக் கட்டலாம். நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பார் உண்டா?