கொட்டாஞ்சேனைக்கு ஒரு நூதனசாலை வேண்டாமா?

புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் காலத்து மாளிகை ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அக்கட்டடம் மருத்துவமனையாகவும் பொலிஸ் நிலையமாகவும் தபாலகமாகவும் இருந்து, 1982 இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன்னர், கனடாவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகளை அங்கு அழைத்துச் சென்றேன். பழைய கட்டில்களையும் நாணயங்களையும் கல்லறைக் கற்களையும் பார்த்துவிட்டு வெளியே வந்தவள், "மாமா, நீங்கள் இருந்த இடத்துக்கு இப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனை அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஒல்லாந்தர் 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்டனர். அவர்கள் போய் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவர்களின் அலுமாரிகளுக்கு இந்நகரில் இடம் இருக்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. அந்தத் தெருக்களிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம்மவரின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு இடமில்லை என்பதே குறை.

சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில் நிற்கிறது. புனித லூசியாள் பேராலயமும் நிற்கிறது. பெரிய கட்டடங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். அழிபவை சிறியவை. செட்டியார் தெரு நகைப் பட்டறையின் தராசு, துறைமுகத் தொழிலாளியின் அடையாள அட்டை, வெள்ளவத்தை நெசவாலையின் சம்பளச் சீட்டு, நாடக விளம்பரத் துண்டுகள் ஆகியவற்றை யார் சேர்த்து வைத்தார்கள்? பிறரைச் சொல்வானேன்! நான் முதலில் பணியாற்றிய நாளிதழில் கணினி வந்தபோது, தமிழ் ஈய எழுத்துகள் சாக்குகளில் கட்டப்பட்டு நிறுத்து விற்கப்பட்டன. பக்கத்தில் நின்று பார்த்த நான் ஓர் 'அ'வைக்கூட எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை.

எஞ்சியவற்றில் பெரும்பகுதியை 1983 ஜூலை கொண்டுபோயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது உறுதிகளும் கலியாணப் படங்களும் சேர்ந்தே எரிந்தன. சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1883 இல், இதே கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. அப்பகுதிக்கென ஒரு நூதனசாலை அமையுமானால் இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தமிழருக்கு மட்டும் உரியதாக இருப்பதும் பொருந்தாது. சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் பரதரும் கொழும்புச் செட்டிகளும் ஒரே வீதியில் வாழ்ந்த இடம் அது.

வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறதே என்பார்கள். 1942 இல் தோன்றிய அச்சங்கத்தின் நூலகத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நூலகத்தில் நூல்தான் இருக்கும், தராசு இராது. பணம் எங்கே என்றும் கேட்பார்கள். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான நூதனசாலை திறக்கப்பட்டது. அதற்கு மாளிகை தேவைப்படவில்லை. பழைய லயமே போதுமானதாயிற்று. மலையக மக்களால் முடிந்தது, கடைத்தொகுதிகளும் மாடிமனைகளும் எழுப்பும் கொழும்புத் தமிழரால் ஏன் முடியாது? தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் கிடைத்தால் தொடங்கிவிடலாம்.

அந்த அறைகளில் வைக்க வேண்டியவற்றுள் பல இன்று கொழும்பில் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பனிலும் வாசகர்களாகிய உங்கள் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. அவை என்ன, யாருடையவை என்று சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

மருமகள் கனடா திரும்பிய சில மாதங்களில் எனக்கொரு பொதி வந்தது. உள்ளே என் தாயாரின் பழைய அரிசிக் கூப்பன் புத்தகம். 1983 இல் அகதி முகாமுக்குப் போனபோது அம்மாவின் கைப்பையில் தற்செயலாகக் கிடந்து, பின்னர் தங்கையோடு கடல் கடந்தது அது. கொட்டாஞ்சேனை முகவரி இன்னமும் தெளிவாகத் தெரிகிறது. வைக்க வேறிடம் இல்லாமையால், காப்புறுதிப் பத்திரங்களோடு என் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.