முதலில் பலம், பிறகு வேகம்!

கொல்லுப் பட்டறையில் துருத்தி ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று பாய்ந்ததும் கரி தகதகவென்று கனலும். காற்று கூடினால் நெருப்பும் கூடும்.

கார் என்ஜினில் "டர்போ" செய்யும் வேலையும் இதுதான்.

என்ஜினில் இருந்து வெளியேறும் புகை, ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இன்னொரு சக்கரம் உண்டு. அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடுவதால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். சக்தி பெருகும்.

வீணாகும் புகையிடம் வேலை வாங்கும் இந்த யோசனைக்கு 1905-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர், சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பியூக்கி.

நல்ல யோசனைதான். தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் கார்களைப் பற்றிக் கவலை இல்லை. அந்த என்ஜின்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை.

ஆனால், சாதாரணக் காரில் டர்போவைத் தனியாக வாங்கி மாட்டும் ஆசை சில இளைஞர்களுக்கு இருக்கிறது. "மாட்டினால் போதும், உள்ளே எதையும் மாற்ற வேண்டாம்" என்கிறார்கள்.

இது தவறு. பெரிய தவறு!

சம்மட்டி அடி

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பைத் தொட்டுப் பாருங்கள். சுடும். அமுக்கினால் காற்று சூடாகும்.

என்ஜினுக்குள் சூடு அளவு மீறினால், தீப்பொறி ஏற்றிய தீ பரவி முடிவதற்குள், மிச்சப் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். "டக் டக்" என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தமும் பிஸ்டன் மீது விழும் சம்மட்டி அடி!

பிஸ்டன் உடையும். அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ராடு முறிந்தால், என்ஜினையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். கொட்டும் ஆயில் சூடான குழாயில் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஜெர்மனி காட்டிய வழி

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1961-ல் ஒரு காரை அறிமுகம் செய்தது. அதன் என்ஜின் சக்தி 80 குதிரைச் சக்தி.

அந்த என்ஜின் வளர்ந்து 130 குதிரைச் சக்தியை எட்டியது. 1973-ல் அதற்கு டர்போ வைத்தார்கள். சக்தி 170 ஆனது.

சும்மா மாட்டினார்களா? இல்லை. டர்போ ஏற்கனவே காற்றை அமுக்கி விடுகிறது. ஆகவே பிஸ்டன் அமுக்கும் அளவை 9.5 மடங்கில் இருந்து 6.9 மடங்காகக் குறைத்தார்கள். முன் பிரேக்கையும் பலப்படுத்தினார்கள்.

1982-ல் இதே வம்சத்து என்ஜின் "பார்முலா-1" பந்தயத்துக்கு வந்தது. 600 குதிரைச் சக்திக்கு மேல் கொடுத்தது. அதை வைத்து 1983-ல் நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆனார்!

என்ஜினின் இரும்பு உடல், சாதாரணக் காரில் இருந்த அதே வகைதான். பலமுறை சூடாகி ஆறிய, ஓடிப் பழகிய உடல்களையே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் உள்ளே பிஸ்டன், ராடு, மேல்மூடி எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தவை.

அப்படியும் அந்த என்ஜின்களை அடிக்கடி பிரித்துப் பழுது பார்த்தார்கள்.

என்ன செய்யலாம்?

டர்போ வேண்டும் என்றால், முதலில் என்ஜினைப் பிரியுங்கள். வார்த்த பிஸ்டனுக்குப் பதில், அடித்து உருவாக்கிய பிஸ்டன் போடுங்கள். உறுதியான ராடு போடுங்கள். சூடு தணிக்கவும், பெட்ரோல் சரியான அளவில் பாயவும் வழி செய்யுங்கள். பிரேக்கை மறக்காதீர்கள்.

செலவு அதிகம்தான். டர்போவின் விலையைவிட இந்த வேலைக்கு அதிகம் ஆகலாம். அந்தப் பணம் இல்லை என்றால், டர்போ ஆசையை விட்டுவிடுங்கள். அதில் வெட்கம் இல்லை.

அந்தக் காரில் நீங்கள் மட்டுமா போகிறீர்கள்? அம்மா உட்காருகிறார். குழந்தை உட்காருகிறது.

அடித்தளத்தைப் பலப்படுத்தாமல் யாராவது மேலே மாடி கட்டுவார்களா?