‘வெளிநாட்டுத் தொடர்பு’ யாருக்கு?



நம் நாட்டுக்கு வெளிநாட்டு உளவுத்துறை ஒன்று உண்டு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எஸ்.பி. என்றால் எல்லோருக்கும் தெரியும். நாம் நாலு பேர் கூட்டம் போட்டாலும் வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று முகங்களை எண்ணுவார்களே, அவர்கள். அது போலீஸ் படையின் உளவுப் பிரிவு, உள்நாட்டு வேலை. நாம் இங்கே பேசுவது வேறு. பிரதமர் துறைக்குள் ‘ஆய்வுப் பிரிவு’ என்ற சாதுவான பெயரில் இயங்கிய வெளிநாட்டு உளவு அமைப்பைப் பற்றி. பிற நாடுகளில் நடப்பதை அறிந்து பிரதமருக்குச் சொல்வதுதான் அதற்கு வைத்த வேலை. புக்கிட் தெங்கா பாக்டரிகளில் ஷிப்ட் பார்க்கும் நம்மில் பெரும்பாலோர் 2018 வரை அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

கேள்விப்பட வைத்தது ஒரு கடிதம். தேதி 2018 மே 4. பொதுத்தேர்தலுக்கு ஐந்து நாள்தான் பாக்கி. அமைப்பின் அப்போதைய தலைமை இயக்குநர் பெயரில், அமெரிக்காவின் சி.ஐ.ஏ. தலைவி ஜீனா ஹாஸ்பெலுக்குப் போன கடிதம் அது. நஜிப் அரசாங்கம் ஒரே ஒரு தொகுதி வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அமெரிக்கா ஆதரவு தர வேண்டும் என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. ஜூலையில் அது ஊடகங்களில் கசிந்தது. அந்நிய நாடு நம் விவகாரத்தில் மூக்கை நுழைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்திலிருந்தே அந்நிய நாட்டுக்கு அழைப்பு!

பணமும் பேசப்பட்டது. 2018 அக்டோபரில் அந்த முன்னாள் தலைமை இயக்குநர் மீது 1 கோடியே 21 லட்சம் அமெரிக்க டாலர், அதாவது 5 கோடியே 4 லட்சம் ரிங்கிட் தொடர்பாக நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டு வந்தது. அவர் மறுத்தார். 2021 ஏப்ரலில், முழு விடுதலை என்று பொருள்படாத முறையில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் செய்தாரா இல்லையா என்பது நமது பேச்சல்ல. தொகையைப் பாருங்கள். அந்த ஆண்டு தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரிங்கிட். கணக்குப் போட்டால் 4,200 தொழிலாளிகளின் முழு ஒரு வருடச் சம்பளம்! அவ்வளவு பணம் ஒரு ரகசிய அலுவலகத்தில் புழங்கியதை நாம் நீதிமன்றச் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அந்த மே மாதம் பிரீபெய்டு ரீலோட் செய்தபோதுகூட நீங்கள் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டினீர்கள், மறந்துவிடாதீர்கள்.

இந்த உளவு வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம்மவர்கள் ரத்தமும் உண்டு. 1942இல் ஜப்பானியர் ஆட்சியில் இதே பினாங்கில் ‘சுயராஜ்யப் பயிற்சிக் கூடம்’ என்ற பெயரில் உளவுப் பள்ளி நடந்தது. மலாயாவில் வேலை பார்த்த இந்திய இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, நீர்மூழ்கிக் கப்பலிலும் தரை வழியாகவும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷார் பிடித்தார்கள். வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். விடுதலை என்ற நம்பிக்கையில் போன பிள்ளைகள் அவர்கள். ஒரு வல்லரசின் உளவுத்துறை அனுப்பியது, இன்னொரு வல்லரசின் நீதிமன்றம் கயிற்றை மாட்டியது.

போர் முடிந்து திரும்பி வந்த வெள்ளைக்காரன் 1946இல் மலாயா பாதுகாப்புச் சேவையை அமைத்தான். 1948இல் அதைக் கலைத்துவிட்டு அந்த வேலையைப் போலீசின் எஸ்.பி.யிடம் கொடுத்தான். அவன் கண் எங்கே இருந்தது? ரப்பர் தோட்டத்தில், ஈயச் சுரங்கத்தில், தொழிற்சங்கத்தில். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். (ஆம், அதே மே 4. தற்செயல்தான்.) அவருக்கு முதல் நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு சுதந்திரம் பெற்றது. ஆனால் விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் இசா சட்டம் 1960இல் வந்தது, 2012 வரை இருந்தது.

இனி இதைக் கவனியுங்கள். 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு, இண்ட்ராப் இயக்கத்துக்குப் பயங்கரவாத அமைப்புகளோடு தொடர்பு என்று போலீஸ் தலைமை சொன்னது. டிசம்பர் 13இல் ஐந்து தலைவர்கள் இசாவில் போனார்கள். நீதிமன்றத்தில் எதையும் நிரூபிக்காமலே 2009 மே மாதத்துக்குள் ஐவரும் வெளியே வந்தார்கள். 2019 அக்டோபரில் மறுபடியும் அதே பாட்டு. விடுதலைப் புலிகள் தொடர்பு என்று, இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் சொஸ்மாவில் பிடிக்கப்பட்டனர். 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவரே எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். அதற்கு நடுவே போன நாலு மாதச் சம்பளத்தை, தீபாவளியை, பிள்ளைகள் பள்ளியில் கேட்ட ஏச்சை யார் திருப்பிக் கொடுத்தது?

தமிழன் வாய் திறந்தால் ‘வெளிநாட்டுத் தொடர்பு’. பிரதமர் துறையிலிருந்து சி.ஐ.ஏ.வுக்குக் கடிதம் போனால் அது ரகசிய அலுவல்!

உளவுத்துறையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடல் சூழ்ந்த சின்ன நாட்டுக்கு அது தேவைதான். ஆனால் சட்டத்துக்குள் இருக்கட்டும். சி.ஐ.ஏ. 1947இல் சட்டம் போட்டே தொடங்கப்பட்டது. பிரிட்டனின் எம்.ஐ.6, 1909இல் பிறந்து, 1994இல்தான் நாடாளுமன்றச் சட்டத்துக்குள் வந்தது, 85 வருடம் கழித்து. 1968இல் இந்திரா காந்தி அமைத்த இந்தியாவின் ‘ரா’வுக்கு இன்னும் தனிச் சட்டம் கிடையாது. இதில் தாய்நாடு நமக்கு முன்மாதிரி ஆகாது.

ஆகவே, சிவப்பு அடையாள அட்டைக்கும் பள்ளி மானியத்துக்கும் பத்து காவான் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகிறவர்கள் ஒரு தாளில் இதையும் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டு உளவு வேலை இன்று எந்தப் பெயரில் நடந்தாலும், அது எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது? அதன் ரொக்கக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? உள்நாட்டுத் தேர்தலில் தலையிட்டால் என்ன தண்டனை? மலாயில் எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.